குடித்த டீயும் கொடுத்த காசும்

அக்கா மகள் தாம்பரத்திலிருந்து வந்திருந்தாள். பிள்ளைக்குக் கோடை விடுமுறை. மூன்றாம் நாள் சாயங்காலம், வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் மலைக்கோட்டைக்குக் கிளம்பிப் போன நேரம் பார்த்து, டீ டம்ளரை என் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு நீள நோட்டையும் வைத்தாள்.

"மாமா, நீங்க முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதினவங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. மாசா மாசம் சம்பளத்துக்கு மேல பத்தாயிரம் செலவுன்னு வருது. ஆனா பேங்க்ல காசு இருக்கு. எப்படி மாமா?"

சிக்கன நாணயச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல பலகாரம் வேறில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கையெழுத்து அழகு; ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தாள். இருவர் சம்பளத்திலிருந்தும் வீட்டுக் கணக்குக்கு வருவது 62,000. செலவுப் பக்கத்தில் வாடகை 14,000, பள்ளிக்கூட வேன், டியூஷன் என்று 6,000, மளிகை 9,500, பால் காய்கறி 6,500, கரண்ட் கேஸ் போன் 3,500, பெட்ரோல் 3,000, துணிமணி 4,500, மருந்து 2,000, சீட்டு 5,000. கடைசி வரியில் கிரெடிட் கார்டு பில் 18,000. கூட்டினால் 72,000. கூட்டலில் தப்பில்லை. துண்டு விழுவது பத்தாயிரம். ஆனால் அதே மாதம் அவள் வங்கி இருப்பு 9,000 ஏறியிருக்கிறது.

"இதுல கார்டுல தேய்ச்சது எதெது?"

மளிகை, பெட்ரோல், துணி, மருந்து என்று விரலை வைத்துக் காட்டினாள். கூட்டினேன். 19,000. நோட்டு சொல்லும் பள்ளத்துக்கும் வங்கி சொல்லும் மேட்டுக்கும் இருக்கிற வித்தியாசமும் அதே 19,000. சங்கத்தில் கணக்கு இடித்தால் இப்படித்தான் தேடுவோம். இடிக்கும் தொகையே எங்கே தப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அவளுக்கு நான் சொன்னது ஒரு டீக்கடைக் கதை. எங்கள் சங்கத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆபீஸ்காரர்கள் எல்லாருக்கும் அங்கே பற்று. கடைக்காரர் ஒரு நோட்டு வைத்திருப்பார். டீ குடித்தால் பேருக்கு நேரே ஒரு கோடு, வடை தின்றால் ஒரு புள்ளி. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கியதும் கோடுகளை எண்ணிக் காசு கொடுப்போம். இப்போது கேள்வி இதுதான். என் டீச் செலவு எந்த நாளில் நடந்தது? குடித்த நாளிலா, கொடுத்த நாளிலா?

"குடிச்ச நாள்லதான்," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். டீ தொண்டையில் இறங்கிய அன்றே என் காசு செலவாகிவிட்டது. ஒன்றாம் தேதி நான் கொடுத்தது செலவில்லை, ஏற்கெனவே ஆன செலவுக்குப் பற்றுத் தீர்த்தது. கோடு போடும்போது ஒரு தடவை, காசு கொடுக்கும்போது ஒரு தடவை என்று இரண்டையும் செலவில் எழுதினால், ஒரே டீயை இரண்டு தடவை குடித்ததாக ஆகும். அவள் நோட்டில் நடந்தது அதுதான். மளிகை வாங்கிய அன்று 9,500 என்று எழுதினாள். போன மாத மளிகை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து வந்த 18,000 பில்லையும் கட்டி, அதையும் எழுதினாள். பில் வரியை அடித்துவிட்டால் அசல் செலவு 54,000. மிச்சம் 8,000.

"ஆனா பேங்க்ல ஒன்பதாயிரம் கூடியிருக்கே?"

நல்ல கேள்வி. போன பில்லில் வந்த கார்டு செலவு 18,000, அதைக் கட்டியாயிற்று. இந்த மாதத்துக் கார்டு செலவு 19,000, இன்னும் கட்டவில்லை. கார்டுக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரம் ஏறியிருக்கிறது. வங்கியில் ஏறிய ஒன்பதில் அந்த ஒன்றைக் கழித்தால் எட்டு. இரண்டு வழியில் போட்டும் ஒரே விடை வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கணக்கு ஒத்துப்போகும் சந்தோஷம் ஒரு தனி ஜாதி. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி கடையில் பற்று வைத்தால் அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டும். கார்டில் தேய்த்தால் அண்ணாச்சிக்குக் காசு வங்கியிலிருந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாம் கொடுக்க வேண்டிய இடம் மட்டும் மாறுகிறது. மற்றபடி இது பழைய பற்று வரவு நோட்டுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணாச்சி எழுதும்போது நாமும் எதிரே நின்று பார்ப்போம். இங்கே நோட்டு வங்கியிடம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவைதான் காட்டுகிறார்கள். அதனால் நம் பக்கத்து நோட்டை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தப்பைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தேய்ப்பதை எழுதவே மாட்டார்கள். பில் வந்ததும் 'கார்டு 18,000' என்று ஒரே வரி. கூட்டுத்தொகை பெரிதாகத் தப்பாகாது, ஆனால் அந்த 18,000 எதற்குப் போனது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு எல்லாம் ஒரு மாதம் தள்ளித் தெரியும். ஐப்பசியில் எடுத்த தீபாவளித் துணி கார்த்திகையில் செலவாக வந்து நிற்கும். 'இந்த மாசம் ஒண்ணுமே வாங்கலையே, எப்படி இவ்வளவு பில்?' என்று வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

சரி, எப்படி எழுதுவது? நோட்டில் அவளுக்கு ஒரு பத்தி கூடப் போட்டுக் கொடுத்தேன். தலைப்பு: கார்டு பாக்கி. மளிகை 2,300 தேய்த்தால், மளிகைக்கு நேரே செலவில் 2,300. அதே வரியில் கார்டு பாக்கிப் பத்தியில் 2,300 கூட்டல். பில் கட்டுகிற அன்று கார்டு பாக்கியில் 18,000 கழித்தல். செலவுப் பத்தியில் அன்றைக்கு ஒன்றுமே கிடையாது. அந்த இடத்தை வெறுமையாக விட அவளுக்கு மனசே வரவில்லை. "இவ்வளவு பெரிய தொகை கையை விட்டுப் போகுது, செலவில்லைன்னு எப்படி மாமா எழுதறது?" என்றாள். முதல் இரண்டு மாதம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், வங்கியில் தெரிகிற தொகையில் கார்டு பாக்கியைக் கழித்துப் பார்க்கும் பழக்கம். வங்கியில் 31,000 இருக்கிறது, கார்டு பாக்கி 19,000 என்றால் அவளுடையது 12,000தான். மீதி வங்கியின் காசு. அவள் கணக்கில் சும்மா குந்தியிருக்கிறது. இது தெரிந்தாலும் கண் கேட்காது என்பது என் அனுபவம். போனைத் திறந்தால் 31,000 என்றுதான் காட்டும். மனசு அதற்குத் தகுந்தாற்போலச் சட்டை எடுக்கச் சொல்லும். என் அம்மா வாடகைப் பணத்தைப் பருப்பு டப்பாவிலும் பால்காரர் பணத்தைக் கடுகு டப்பாவிலும் போட்டு வைப்பாள். கடுகு டப்பாப் பணத்தில் யாரும் சினிமாவுக்குப் போனதில்லை. அக்கா மகளிடம் ஒரு பழைய சேமிப்புக் கணக்கு சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரம் தேய்த்ததைக் கூட்டி, அந்தத் தொகையை அதற்கு மாற்றிவிடச் சொன்னேன். பில் கட்டுவது அதிலிருந்துதான். அதுதான் அவளுடைய கடுகு டப்பா.

ஒரு எச்சரிக்கை. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைத்துக்கொள்ள முடிகிறது. கடையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் படம் பிடித்துக் கட்டுகிறோம்; பணம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறதா, கார்டிலிருந்து போகிறதா என்று அந்த அவசரத்தில் பார்ப்பதில்லை. எட்டு, பத்து தடவை நாற்பது ஐம்பது ரூபாயாகப் போனது நோட்டில் ஏறாது. அவளும் இணைத்திருந்தாள். பிரித்துவிடச் சொன்னேன். சில்லறைச் செலவுக்குக் கார்டு வேண்டாம் என்பது என் பிடிவாதம்; நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனித் தேதிக் கணக்கு. அவள் கார்டில் மாதம் 18-ஆம் தேதி பில் போடுகிறார்கள், கெடு அடுத்த மாதம் 7. மே 19-இல் வாங்கியது ஜூன் 18 பில்லில் ஏறி ஜூலை 7-இல் கட்டினால் போதும். 49 நாள் வட்டியில்லாக் கடன். அதே பொருளை ஜூன் 18-இல் வாங்கினால் 19 நாள்தான். விளம்பரத்தில் 'ஐம்பது நாள் வரை' என்று வருகிற 'வரை'யின் அர்த்தம் இதுதான். நம் நோட்டோ ஒன்றாம் தேதி தொடங்கி முப்பதில் முடிகிறது. ஆகவே நோட்டின் மாதக் கார்டுத் தொகையும் பில் தொகையும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகவில்லையே என்று உட்கார்ந்து கவலைப்படவும் வேண்டாம்.

அதற்குப் பதில் டிக் அடிக்கும் வேலை. பில் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படித்து நோட்டில் அதே வரிக்கு ஒரு டிக். நோட்டில் டிக் இல்லாமல் நிற்பவை அடுத்த பில்லுக்கானவை. பில்லில் இருந்து நோட்டில் இல்லாதவைதான் முக்கியம்: எழுத மறந்தது, அல்லது எப்போதோ சேர்ந்த சந்தா, அல்லது நாம் செய்யாதது. கடைசி ரகம் என்றால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்ல வேண்டும். நம் தப்போ வங்கியின் தப்போ இல்லாமல் வேறெங்கோ நடந்த திருட்டை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி போட்டது. பில்லைப் படிக்காதவருக்கு அந்த விதியால் என்ன பயன்?

டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"மாமா, இன்னொரு கார்டு இருக்கு. அவரோடது."

மாப்பிள்ளை கார்டில் பாக்கி 80,000. நோட்டில் அது எங்குமே இல்லை. தன் கைச்செலவுக்கு என்று எடுத்துக்கொள்ளும் பணத்திலிருந்து அவர் மாதம் நாலாயிரம் கட்டிக்கொண்டிருக்கிறார். மினிமம் தொகை. ஒன்றரை வருஷமாக.

எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் ஒரு ஃபிரிட்ஜ். ஆனால் எனக்குப் பட்ட காரணம் வேறு. அந்தக் கார்டின் கெடு தேதி 28. சம்பளம் வருவது ஒன்றாம் தேதி. 28-இல் யார் கையில் காசு இருக்கும்? 'மூணு நாள்தானே, இப்ப மினிமம் கட்டுவோம், ஒண்ணாம் தேதி மீதியைக் கட்டிடலாம்' என்று ஒரு மாதம் தொடங்கியிருக்கிறார். ஒன்றாம் தேதி வந்தபோது வாடகையும் வந்தது. கெட்ட பழக்கமும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை; தேதி சரியில்லை, அவ்வளவுதான். கார்டுக்காரர் கேட்டால் பில் தேதியை ஒரு தடவையாவது மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. கெடு, சம்பளம் வந்து நாலைந்து நாளில் விழுகிற மாதிரி மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

இனி வட்டி. இதைச் சதவீதத்தில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. நம் ஊரில் வட்டிக்கு ஒரு பாஷை உண்டு: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. நகையை வங்கியில் வைத்தால் முக்கால் வட்டிக்குப் பக்கம். தெரிந்தவரிடம் கைமாற்று ரெண்டு வட்டி. மூணு வட்டி என்றால் வாங்குகிறவனைப் பார்த்து ஊரே 'அடப்பாவி' என்னும். மாப்பிள்ளை கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மூணரை வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல். வருஷக் கணக்கில் வரியில்லாமலே 42 சதவீதம்.

"இது கந்துவட்டி இல்லையா?" என்றாள். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தெருவில் வட்டிக்கு விடுகிறவர்களுக்காக வந்தது. கார்டு வட்டியைப் பற்றி வேறொரு வழக்கு நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறைகேடான வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து வட்டியைக் குறைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாலாயிரம் கட்டினால் என்ன ஆகிறது என்று போட்டுக் காட்டினேன். 80,000-இல் 4,000 கட்டியாயிற்று, மீதி 76,000. அதற்கு மூணரை வட்டி 2,660. அதன் மேல் ஜிஎஸ்டி 479. அடுத்த பில் 79,139. நாலாயிரம் கட்டியதில் கடன் குறைந்தது 861 ரூபாய். வங்கி நாள் கணக்கில் வட்டி போடுகிறது, ஆகவே அசலில் இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். இப்படியே ஒரு வருஷம், புதிதாக ஒரு பைசா தேய்க்காமல், பில்லில் ஐந்து சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டு போனால், கட்டியது 45,000-ஐத் தாண்டியிருக்கும். கடன் எழுபதாயிரத்துக்குக் கீழே இறங்கியிருக்காது.

அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

மினிமம் என்பது என்ன? கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் தவறியவர் என்று சிபிலில் பேர் ஏறாது. அதோடு சரி. வட்டியை அது நிறுத்தாது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு: முழு பில்லையும் கட்டாதவருக்கு அந்த 49 நாள் சலுகை போய்விடுகிறது. பழைய பாக்கி இருக்கும் கார்டில் இன்று ஒரு கிலோ தக்காளி வாங்கினால் தக்காளிக்கு இன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் ஆபீசுக்கே வந்து கையெழுத்து வாங்கி ஒரு கார்டு கொடுத்தான். முதல் பெரிய பில் 12,450. ரவுண்டாக இருக்கட்டுமே என்று 12,000 கட்டினேன். 450 தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று. அடுத்த பில்லில் வட்டி மட்டும் அந்த 450-ஐ விட அதிகம். போன் பண்ணிச் சண்டை போட்டேன். 450-க்கு இல்லை சார், வாங்கின தேதியிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி என்று நிதானமாக விளக்கினார் அந்தப் பக்கத்தில் பேசிய பெண். அவர் சொன்னது எனக்கு வந்திருந்த நிபந்தனைக் காகிதத்திலேயே இருந்தது. கணக்கர் படிக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, மாப்பிள்ளை கார்டை ஓரங்கட்டுவது. வெட்டிப் போட வேண்டாம்; பர்ஸிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்துவிட்டால் போதும். வாங்குகிறதெல்லாம் அவள் கார்டில், அல்லது ரொக்கத்தில். பாக்கிக் கார்டில் புதுச் செலவும் பழைய கடனும் கலந்து கிடக்கிற வரை, கடன் குறைகிறதா ஏறுகிறதா என்று நானே சொல்ல முடியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி 'பழைய கடன்' என்று தலைப்புப் போடச் சொன்னேன். மேலே 80,000. முன்பக்கத்தில் இதுவரை நான் சொன்ன விதி இங்கே கொஞ்சம் மாறும். ஃபிரிட்ஜும் ஆபரேஷனும் எப்போதோ செலவாகிவிட்டவை; அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த மாதச் சம்பளத்திலிருந்து இந்தக் கடனுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கியே ஆக வேண்டும், வாடகையை ஒதுக்குகிற மாதிரி. அதில் வட்டியும் ஜிஎஸ்டியும் இந்த மாதத்தின் புதுச் செலவு. 'வட்டி' என்று தனி வரியில் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். மீதிதான் கடன் குறைவது. பிரித்து எழுதினால்தான் மாதம் மூவாயிரத்துக்கு மேல் எங்கே போகிறது என்று கண்ணில் படும். மளிகையில் மூன்றில் ஒரு பங்கு இது என்று அவளே கண்டுபிடித்தாள்.

கையில் இருப்பது என்ன? அவள் நோட்டில் மிஞ்சுகிற 8,000, மாப்பிள்ளை கட்டுகிற 4,000. மாதம் 12,000 கட்டினால் எட்டு மாதத்தில் கடன் தீர்கிறது. வட்டியும் வரியுமாகப் போவது, கட்டும் நாளைப் பொறுத்து, 11,000-க்கும் 15,500-க்கும் நடுவே. கட்டும் நாள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாள் கணக்கு வட்டியில் கெடு தேதி வரை காத்திருப்பது முழு பில் கட்டுகிறவருக்குத்தான் லாபம். பாக்கி வைத்திருப்பவர் சம்பளம் வந்த அன்று காலையிலேயே கட்டிவிட வேண்டும். அதிலேயே மாதம் சில நூறு மிச்சம்.

ஆனால் மிச்சம் முழுவதையும் கடனில் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மூன்றாம் மாதம் வண்டி டயர் போகும், கையில் ஒன்றும் இருக்காது, ஓரங்கட்டிய கார்டு மறுபடி பர்ஸுக்குள் வரும். 10,000 கட்டுங்கள், 2,000 தனியே போடுங்கள் என்றேன். எட்டு மாதம் பத்து மாதமாகும், வட்டி மூவாயிரத்து சொச்சம் கூடும். கணக்குப்படி பார்த்தால் நஷ்டம்தான். சங்கத்தில் கடன் வாங்கிய எத்தனையோ பேரைப் பார்த்ததில், விறுவிறுவென்று கட்ட ஆரம்பித்தவர்களைவிட மூச்சு விட இடம் வைத்துக் கட்டியவர்கள்தான் பாஸ்புக்கை மூடிக்கொண்டு போனார்கள்.

"நகையை வெச்சு ஒரேயடியா அடைச்சுட்டா?" என்று அவளே கேட்டாள். கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஆண்டுக்கு ஒன்பது சதவீத நகைக்கடனை மாதம் 12,000 வீதம் அடைத்தால் ஏழு மாதம், வட்டி இரண்டரை ஆயிரத்துக்குள். முக்கால் வட்டிக்கு வாங்கி நாலு வட்டியை அடைப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. கார்டு காலியாகி லட்ச ரூபாய் லிமிட்டோடு மறுபடி பளபளவென்று நிற்கும். ஆறு மாதம் கழித்து நகையும் வங்கியில், கார்டிலும் 80,000 என்று ஆன குடும்பங்களை எனக்குத் தெரியும். மாமியார் என்ன சொல்வார்கள் என்ற கவலையும் அவளுக்கு இருந்தது. அதில் நான் தலையிடவில்லை. சீட்டை எடுக்கலாமா என்றால், கழிவு எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தவணைக் கதையையும் கேட்டாள். கார்டில் போன் வாங்கி 24,000-ஐ மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணையாக மாற்றினால், கடன் பக்கத்தில் முதல் நாளே 24,000 ஏற வேண்டும், 2,000 இல்லை. கார்டின் லிமிட்டிலும் முழுத் தொகையும் பிடிபட்டுத்தான் இருக்கும். 'வட்டியில்லாத் தவணை' என்று கூவுவதிலும் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்: கட்டணம் தனி, வட்டி அந்த நிமிஷத்திலிருந்து. பரிசுப் புள்ளி, கேஷ்பேக் எல்லாம் வரவு ஆகாது. வந்தால் செலவில் கழித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது இன்னொன்று சொல்லி அனுப்பினேன். இருவர் போனிலும் தானாகக் கட்டும் ஏற்பாட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதில் 'முழுத் தொகை', 'மினிமம்' என்று இரண்டு இருக்கும். மினிமத்தில் விட்டுவிட்டு, தானாகத்தான் கட்டிக்கொள்கிறதே என்று வருஷக்கணக்கில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. கெடுவுக்கு மேல் மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்குச் சொல்லலாம் என்று 2022 விதியில் ஒரு சலுகை இருப்பது உண்மை. வட்டி அந்த மூன்று நாளுக்குக் காத்திருக்காது.

ஜூலை 19 காலை வாட்ஸாப்பில் நோட்டின் படம் வந்தது. பழைய கடன் பக்கத்தில் 80,000-க்குக் கீழே இரண்டு வரி ஏறியிருந்தது. மாப்பிள்ளை கையெழுத்து. முன்பக்கத்தில் வரிசையாக டிக்.

"மாமா, 299 ரூபா இடிக்குது," என்று போன் பண்ணினாள்.

பில்லைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாலாவது வரியில் அகப்பட்டது. பிள்ளையின் பள்ளி லீவுக்கு எப்போதோ போட்ட படம் பார்க்கும் செயலி; மாதா மாதம் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

"நிறுத்திடவா?"

"யாராவது பார்க்கறீங்களா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் டிவிச் சத்தமும், மாப்பிள்ளை ஏதோ சொல்வதும் கேட்டது.

"டெஸ்ட் மேட்ச் முடியட்டுமாம் மாமா."